தொலைக்கல்வியும் உயிரியல் அறவியலும்: தென்னாபிரிக்க அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

உயிரியல் அறவியல் எனப்படும் துறை அண்மைக் காலத்திலே பட்டப்பின் படிப்புகளுள் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றுவிட்டது. வைத்தியர், தாதியர், சட்டவறிஞர், ஆய்வு நிறுவனங்களின் அறநெறிக் குழுக்களில் அமர்வோர் எனப் பல திறத்தினரும் தத்தம் தொழிலை விட்டகலாது, தொலைக்கல்வி வாயிலாக இத்துறையிலே டிப்ளோமாவும் முதுமாணிப் பட்டமும் பெறுகின்றனர். மூன்றாம் உலக நாடுகளைப் பொறுத்தவரை இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆயினும், வசதி என்ற அளவில் இதனை ஏற்று அமைதியடைந்துவிடுதல் ஆராய்ச்சி நோக்குக்கு ஏற்புடையதாகாது. அறத்தை எவர் எவருக்குக் கற்பிக்கின்றனர்? எங்கிருந்து கற்பிக்கின்றனர்? கற்பிக்கப்படும் அறம் எவருடைய உடலின்மீது இழைக்கப்பட்ட அநீதியிலிருந்து உருவாயிற்று? இவ்வினாக்களுக்கு விடை காணாதவிடத்து, அறவியற் கல்வி என்பது மற்றுமொரு தகைமைப் பத்திரமாகவே முடிந்துவிடக்கூடும்.

இவ்வினாக்களைப் பொதுப்படையாக எழுப்பி விவாதிப்பதிலும் பார்க்க, ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு நோக்குதலே பயனுடையது. இக்கட்டுரையிலே தென்னாபிரிக்காவை நாம் தேர்ந்துகொண்டமைக்குத் தக்க காரணம் உண்டு. அஞ்சல்வழிப் பல்கலைக்கழகக் கல்வி மிக நீண்ட வரலாறுடைய நாடுகளுள் அதுவும் ஒன்று. மருத்துவ அறம் பற்றிய விவாதம் விரிவுரை மண்டபத்தைக் கடந்து சிறைக்கூடத்திலும் நீதிமன்றத்திலும் நிகழ்ந்த நாடும் அதுவே. இவ்விரு வரலாறுகளும் ஒரு தனிமனிதரின் வாழ்விலும் மரணத்திலும் சந்தித்தன. மருத்துவ மாணவராகத் தொடங்கி, பின்னர் அஞ்சல்வழிச் சட்ட மாணவராகி, ஈற்றிலே பொலிஸ் காவலில், வைத்தியர்கள் பார்த்திருக்க உயிரிழந்த ஸ்டீவ் பிக்கோவே அம்மனிதர். அவருடைய பெயரை இன்று விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தின் உயிரியல் அறவியல் நிலையம் தாங்கியுள்ளது. அப்பெயர் ஒரு கல்வி நிலையத்தின் வாயிலை வந்தடைந்த பாதையை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

2

தொலைக்கல்வியின் தோற்றத்தைப் பேசுவோர் பெரும்பாலும் தபாற் சேவையையும் அச்சியந்திரத்தையும் பின்னாளில் வானொலியையும் முதன்மைப்படுத்துவர். இவை அதன் தொழில்நுட்ப அடிப்படைகள். அதன் சமூக அடிப்படையை அறிவதற்குப் பேரரசின் தேவைகளை நோக்க வேண்டும். இலண்டன் பல்கலைக்கழகம் 1858 இலே, தன்னுடன் இணைந்த கல்லூரிகளிற் பயிலாதவர்களும் தனது பட்டப் பரீட்சைகளுக்குத் தோற்ற வழிசெய்தது. 1865 இல் அதன் பரீட்சைகள் மொரீசியசில் நடத்தப்பட்டன. குடியேற்ற நாடுகளின் நிருவாகத்துக்கும் பாடசாலைகளுக்கும் தராதரப்படுத்தப்பட்ட ஒரு படித்த பிரிவினர் வேண்டியிருந்தனர். அவர்களை உருவாக்கும் செலவைக் குடியேற்ற நாடே ஏற்க, அவர்களின் தராதரத்தை நிருணயிக்கும் அதிகாரம் மட்டும் தலைநகரில் இருந்தது. கற்பித்தல் வேறு, தரங்காணல் வேறு என்னும் இப்பிரிவினையே தொலைக்கல்வியின் கருவாகும்.

இம்மாதிரி எமக்கும் அந்நியமானதன்று. 1921 இல் கொழும்பிலே தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்படும்வரை இலண்டன் பரீட்சைகளுக்கே ஆயத்தஞ் செய்யப்பட்டனர். அதே வேளையில், சுவாமி விபுலானந்தர் போன்றோர் இவ்வழியாகவே விஞ்ஞானப் பட்டம் பெற்று, அவ்வறிவைத் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்குத் திருப்பினர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஆளும் வர்க்கம் தன் தேவைக்கென அமைத்த கருவியை ஆளப்படுவோர் வேறு நோக்கங்களுக்குப் பயன்படுத்துதல் வரலாற்றிற் புதுமையன்று.

தென்னாபிரிக்காவில் 1873 இல் நிறுவப்பட்ட நன்னம்பிக்கை முனைப் பல்கலைக்கழகம் இலண்டன் மாதிரியையே பின்பற்றியது. பரீட்சை நடத்துதலும் பட்டம் வழங்குதலுமே அதன் பணிகள். 1916 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக அது 1918 இலே தென்னாபிரிக்கப் பல்கலைக்கழகம் என்ற பெயருடன் பிரிட்டோரியாவைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் உறுப்புக் கல்லூரிகள் ஒவ்வொன்றாகத் தனிப் பல்கலைக்கழகங்களாகப் பிரிந்துசெல்ல, எஞ்சிய நிறுவனம் 1946 இலே அஞ்சல்வழிக் கற்பித்தலைத் தொடங்கியது. யூனிசா எனச் சுருக்கமாக வழங்கும் இப்பல்கலைக்கழகம், முற்றாகத் தொலைக்கல்வியில் ஈடுபட்ட உலகின் முதற் பொதுப் பல்கலைக்கழகங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. இரண்டு ஆண்டுகளின் பின், 1948 இல், தேசியக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றி இனவொதுக்கலை அரசின் கொள்கையாக்கியது.

3

இனவொதுக்கல் என்பது வெறும் நிறவெறுப்பு அன்று. சுரங்கங்களுக்கும் பண்ணைகளுக்கும் மலிவான உழைப்பை வழங்கிய பெரும்பான்மையினரை, உழைக்குமிடத்திற்கு அருகிலும் உரிமைகளுக்குத் தொலைவிலும் வைத்திருந்த பொருளாதார ஒழுங்கு அது. மனிதர் எங்கு வாழலாம், எங்கு நடமாடலாம், எங்கு கற்கலாம் என்பவற்றைச் சட்டம் வரையறுத்தது. 1959 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம், அதன் பெயருக்கு மாறாக, கறுப்பின மாணவர் அமைச்சரின் அனுமதியின்றிக் கேப் டவுன், விட்வாட்டர்ஸ்ரான்ட் முதலிய பல்கலைக்கழகங்களிற் சேர்வதைத் தடைசெய்தது. இனக்குழுக்களின் அடிப்படையிலே தனிக் கல்லூரிகள் எழுந்தன. டர்ஃப்லூப்பில் அமைந்த வடபுலக் கல்லூரியும் சூலுலாந்துக் கல்லூரியும் இத்தகையவை. 1970 வரை இக்கல்லூரிகள் யூனிசாவின் கல்விசார் மேற்பார்வையிலேயே இயங்கின. அவ்வகையில், தொலைக்கல்விப் பல்கலைக்கழகம் இனவொதுக்கற் கல்வி அமைப்பின் பங்காளியாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆயின் முரண்பாடு அங்கேயே கருக்கொண்டது. நேட்டால் பல்கலைக்கழகம் 1951 இலே டர்பனில் வெள்ளையரல்லாதோருக்கென மருத்துவப் பீடமொன்றை ஆரம்பித்திருந்தது. 1966 இல் அங்கு சேர்ந்த மாணவரே ஸ்டீவ் பிக்கோ. வெள்ளையரின் தாராளவாதத் தலைமையிலே கறுப்பின மாணவர் தங்கியிருத்தலை மறுத்த அவரும் தோழர்களும் தென்னாபிரிக்க மாணவர் அமைப்பை உருவாக்கினர். 1969 யூலையில் அவ்வமைப்பின் தொடக்க மாநாடு டர்ஃப்லூப்பிலே நடைபெற்றது. யூனிசாவின் மேற்பார்வையில் அரசு அமைத்த கல்லூரியின் வளாகத்திலேயே அரசுக்கெதிரான கறுப்பின விழிப்புணர்வு இயக்கம் தன் முதல் தலைவராகப் பிக்கோவைத் தெரிவுசெய்தது.

1972 இலே பிக்கோ மருத்துவப் பீடத்திலிருந்து நீக்கப்பட்டார். 1973 இன் முற்பகுதியிலே அவர்மீது தடையாணை விதிக்கப்பட்டது. கிங் வில்லியம்ஸ் நகரின் எல்லையை அவர் தாண்டலாகாது. ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்டோருடன் உரையாடலாகாது. அவருடைய கூற்றுகளை எவரும் மேற்கோள் காட்டலாகாது. இத்தகைய ஒருவருக்குப் பல்கலைக்கழகத்தின் வாயில் எதுவும் திறந்திருக்கவில்லை. தபாற்பெட்டி ஒன்றே திறந்திருந்தது. அவர் யூனிசாவிலே அஞ்சல்வழிச் சட்ட மாணவராகப் பதிவுசெய்துகொண்டார். ஓர் அரசு தன் குடிமகனை ஒரு சிறு நகருக்குள் அடைத்துவைக்க, அதே அரசின் பல்கலைக்கழகம் அவருக்குப் பாடக் குறிப்புகளை அனுப்பிவைத்தது.

இது தனியொரு நிகழ்ச்சியன்று. றொபின் தீவுச் சிறையிலே அரசியற் கைதிகள் பலர் இவ்வாறே கற்றனர். றொபேட் சொபுக்வே அங்கிருந்தபடியே இலண்டன் பல்கலைக்கழகத்தின் பொருளியற் பட்டத்தைப் பெற்றார். நெல்சன் மண்டேலா இலண்டன் சட்டப் படிப்பை நெடுங்காலம் தொடர்ந்து, ஈற்றில் 1989 இல், சிறையிலிருந்தவாறே யூனிசாவின் சட்டப் பட்டத்தைப் பெற்றார். சிறை நிருவாகம் கல்வியை உரிமையாகக் கருதவில்லை; தான் நினைத்தபோது வழங்கவும் பறிக்கவும் கூடிய சலுகையாகவே கருதியது. மண்டேலாவின் கல்விச் சலுகை 1970களின் பிற்பகுதியிலே நான்கு ஆண்டுகள் பறிக்கப்பட்டமை இதற்குச் சான்று.

தொலைக்கல்வியின் இரட்டைத் தன்மையை இங்கு நாம் தெளிவாகக் காணலாம். கற்போரைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தலால் அது ஆள்வோருக்கு வசதியானது. மாணவர் கூடாத பல்கலைக்கழகத்திலே மாணவர் போராட்டமும் எளிதில் எழுவதில்லை. எனினும், தடையாணையும் சிறைமதிலும் தடுக்க முடியாத வகையில் அறிவைக் கொண்டுசேர்த்ததும் அதுவே. கைதிகள் தமக்கு வந்த பாடங்களைக் கூடியிருந்து கற்று, ஒருவருக்கொருவர் ஆசிரியராகியபோது, தனிமைக்கெனத் திட்டமிடப்பட்ட கல்வி கூட்டுக் கல்வியாக மாறிற்று.

4

பிக்கோ வெறும் சட்ட மாணவராக வாழவில்லை. 1975 இலே சின்யோக்கா கிராமத்தில் சனெம்பிலோ சமூக சுகாதார நிலையம் திறக்கப்பட்டது. நேட்டால் மருத்துவப் பீடத்திற் கற்ற வைத்தியர் மம்பேலா ரம்பேலே அதனை நடத்தினார். நோயாளியைத் தன் வாழ்வின் மீது உரிமையுடையவராக நடத்துதல் என்னும் கருத்து, அறவியற் பாடநூல்களில் இடம்பெறுமுன்னரே அங்கு நடைமுறையாயிற்று. அறம் போதிக்கும் நூல்களில் இந்நிலையம் அருகியே குறிப்பிடப்படுகின்றது. பிக்கோவின் மரணமே பெரிதும் பேசப்படுகின்றது. வீழ்த்தப்பட்ட உடல்களையே நினைவுகூர்ந்து, எழுந்து நின்ற முயற்சிகளை மறத்தல் இத்துறையின் பொதுவான குறைபாடாகும்.

1977 ஓகஸ்ட் 18 ஆந் திகதி பிக்கோ கைதானார். 1967 ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 6 ஆம் பிரிவின் கீழ் அவர் போர்ட் எலிசபெத்திலே தடுத்துவைக்கப்பட்டார். செப்டெம்பர் 6 ஆந் திகதி தொடங்கிய விசாரணையின்போது அவருடைய தலையிலே கடுங்காயம் ஏற்பட்டது. மறுநாள் பொலிசாரின் வேண்டுகோளின்பேரில் வந்த மாவட்ட அரசாங்க வைத்தியர் ஐவர் லாங், அசாதாரணமாக எதனையும் தாம் காணவில்லை எனச் சான்றிதழ் எழுதிக்கொடுத்தார். அவருடைய மேலதிகாரியான பெஞ்சமின் டக்கரும் நோயாளியைப் பார்வையிட்டார். முள்ளந்தண்டிலிருந்து பெறப்பட்ட திரவத்திலே குருதி காணப்பட்டது. அதன் பின்னரும், செப்டெம்பர் 11 ஆந் திகதி, பிக்கோவை நிர்வாணமாக ஒரு லான்ட் றோவர் வண்டியின் பின்புறத்திற் கிடத்தி, 1,100 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பிரிட்டோரியாவுக்குக் கொண்டுசெல்ல டக்கர் இணங்கினார். மருத்துவக் குறிப்புகளெவையும் உடன் அனுப்பப்படவில்லை. மறுநாள் அவர் உயிரிழந்தார். அவருக்கு வயது 30.

மரண விசாரணை நடத்திய நீதவான் 1977 திசெம்பரிலே எவர்மீதும் குற்றங் காணவில்லை. வைத்தியர்கள் மீதான முறைப்பாடு தென்னாபிரிக்க மருத்துவ, பல்மருத்துவச் சபைக்குச் சென்றபோது, விசாரிப்பதற்கு முகாந்திரமில்லை என 1980 இலே அச்சபை தீர்மானித்தது. நாட்டின் மருத்துவச் சங்கமும் அத்தீர்மானத்துக்கு அனுசரணையாக நின்றது. இவ்விடத்தில் ஓர் உண்மையை வற்புறுத்த வேண்டும். வைத்தியர்கள் சித்திரவதைக்குத் துணைபோகலாகாது என்னும் டோக்கியோப் பிரகடனத்தை உலக மருத்துவச் சங்கம் 1975 இலேயே வெளியிட்டிருந்தது. விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தில் மனித ஆய்வுகளுக்கான அறநெறிக் குழு 1966 முதல் இயங்கிவந்தது. எனவே, அறநெறி விதிகள் அந்நாட்டு மருத்துவ உலகுக்குத் தெரியாதிருந்தமையால் பிக்கோ இறந்தார் எனக் கூறுவதற்கில்லை.

சபையின் தீர்மானத்தை ஏற்க மறுத்த வைத்தியர் சிலரே வரலாற்றை நகர்த்தினர். பிரான்சஸ் ஏம்ஸ், திரெவர் ஜென்கின்ஸ், பிலிப் டோபியாஸ், யூசுப் வெரியாவா முதலியோர் தமது தொழிற் சபைக்கெதிராக நீதிமன்றம் சென்றனர். இதே காலத்தில், 1982 இல், பழைய சங்கத்துக்கு மாற்றாகத் தேசிய மருத்துவ, பல்மருத்துவச் சங்கம் தோன்றியது. 1985 இல் உயர் நீதிமன்றம் சபையை மீண்டும் விசாரிக்கப் பணித்தது. அவ்வாண்டிலேயே லாங் கண்டிக்கப்பட்டார். டக்கரின் பெயர் வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு மனிதர் இறந்து எட்டு ஆண்டுகளின் பின்னரே அவருடைய வைத்தியர்கள் தவறிழைத்தனர் என்பதை அவர்களின் தொழிற்சபை ஒப்புக்கொண்டது.

அதே 1985 இல் அதே போர்ட் எலிசபெத்தில், லாங்கின் கீழ்ப் பணியாற்றிய இளம் வைத்தியரான வெண்டி ஓர், தாம் பரிசோதித்த தடுப்புக் கைதிகளின் உடற்காயங்களைப் பதிவுசெய்து, பொலிசாரின் தாக்குதலைத் தடுக்கும் நீதிமன்றக் கட்டளையைப் பெற்றார். லாங்கும் ஓரும் ஒரே அலுவலகத்தவர். ஒரே அரசிடம் வேதனம் பெற்றவர்கள். ஒரே வகையான கைதிகளையே கண்டவர்கள். ஒருவர் எழுதிய பத்திரம் பொலிசாருக்குக் கவசமாயிற்று. மற்றவர் எழுதிய பதிவேடு கைதிகளுக்குக் கவசமாயிற்று.

1991 இல் மீண்டும் பதிவுபெற விண்ணப்பித்தபோது டக்கர் வெளியிட்ட மன்னிப்பு இவ்விடயத்தில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நெடுங்கால அரச சேவையிலே தமது சுதந்திரமான தொழில் நிலையைப் படிப்படியாக இழந்து, அரச உறுப்புகளின், குறிப்பாகப் பொலிசாரின், நலன்களோடு தாம் ஒன்றிப்போனதாக அவர் ஏற்றுக்கொண்டார். அறம் எப்படித் தோற்றது என்பதைப் பொருள்முதல்வாத நோக்கிலே விளக்குவதற்கு இதனிலும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. தனிமனித மனச்சாட்சி ஒரே நாளில் மடிவதில்லை. பதவியும் வேதனமும் அன்றாட உறவும் அதனைச் சிறிது சிறிதாகத் தம்வயப்படுத்துகின்றன.

5

1994 இல் இனவொதுக்கல் ஆட்சி வீழ்ந்தபின், உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 1997 யூனில் சுகாதாரத் துறை பற்றித் தனி விசாரணை நடத்தியது. மனித உரிமையும் அறவியலும் மருத்துவக் கல்வியில் இடம்பெற வேண்டுமென்பது அதன் விதப்புரைகளுள் ஒன்று. நோயாளிக்கும் அரசுக்குமிடையே வைத்தியர் அகப்படும் இக்கட்டை ‘இரட்டை விசுவாசம்’ என்ற பெயரில் ஆராய்ந்து, கேப் டவுன் பல்கலைக்கழகச் சுகாதார விஞ்ஞான பீடமும் மனித உரிமைகளுக்கான வைத்தியர் அமைப்பும் 2002 இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. தொழில் செய்யும் வைத்தியர் தமது பதிவைப் பேணுவதற்கு அறவியல், மனித உரிமை, மருத்துவச் சட்டம் ஆகியவற்றில் ஆண்டுதோறும் குறைந்தது 5 புள்ளிகள் பெறவேண்டுமென்ற விதியும் பின்னர் ஏற்பட்டது. போராட்டத்தின் கோரிக்கை இவ்வாறு பாடத்திட்டமாக உருமாறியது.

இக்கட்டத்திலே வேறொரு சக்தியும் களத்தில் இறங்கியது. எயிட்ஸ் நோயும் அதற்கான மருந்துகளும் ஆபிரிக்காவை மருந்தாய்வின் பெருங்களமாக்கின. தாயிலிருந்து சேய்க்கு நோய் பரவுதலைத் தடுக்கும் மருந்து முறையொன்று 1994 இலேயே பயனுடையதென நிறுவப்பட்டிருக்க, ஏழை நாடுகளில் நடந்த பரிசோதனைகளிலே தாய்மார் பலருக்கு மருந்தற்ற போலி மாத்திரைகள் கொடுக்கப்பட்டமை 1997 இல் உலகளாவிய கண்டனத்தை எழுப்பியது. ஆய்வு தொடர்ந்து நடைபெற வேண்டுமாயின் அறநெறிக் குழுக்கள் வேண்டும். குழுக்களுக்குப் பயிற்சி பெற்றோர் வேண்டும். 2000 முதல் ஐக்கிய அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஃபோகார்ட்டி நிலையம், வளர்முக நாடுகளில் ஆய்வு அறவியற் பயிற்சிக்கு நிதி வழங்கியது. நேட்டாலிலும் பின்னர் ஸ்டெலென்பொஸ்ச்சிலும் தோன்றிய பட்டப்பின் பயிற்சிகள் இந்நிதியின் துணையோடு வளர்ந்தவை. பணியில் இருப்போருக்கெனவே இவை அமைந்தமையால், சில வார நேரடி வகுப்புகளும் எஞ்சிய காலத்துத் தொலைக்கல்வியும் இணைந்த முறை வழக்கிற்கு வந்தது.

இப்பயிற்சிகளால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது எமது கருத்தன்று. ஆபிரிக்காவின் பல நாடுகளைச் சேர்ந்தோர் அவற்றாற் பயன்பெற்றுத் தத்தம் நாட்டு ஆய்வுகளைக் கேள்விக்குட்படுத்தும் தகைமை பெற்றனர். எனினும், பயிற்சிக்கான நிதியும் பரிசோதனைக்கான நிதியும் பெரும்பாலும் ஒரே திசையிலிருந்தே வந்தன என்பதை மறத்தலாகாது. 2025 பெப்ரவரியிலே அமெரிக்க அரசு தென்னாபிரிக்காவுக்கான உதவியை நிறுத்தக் கட்டளையிட்டதும், அந்நாட்டு ஆய்வு நிறுவனங்கள் பல திடீரெனத் தத்தளித்தன. தலைநகரிலிருந்து வரும் அறிவு தலைநகரின் விருப்பப்படி நிறுத்தப்படவும் கூடும் என்ற பழைய பாடமே மீண்டும் கற்பிக்கப்பட்டது.

பாடத்திட்டத்தின் உள்ளடக்கமும் இத்தகைய ஆய்வுக்குரியது. உயிரியல் அறவியல் என்னும் சொல்லை ஜேர்மானியரான ஃபிரிட்ஸ் யார் 1927 இலும், அமெரிக்கரான வான் ரென்சலர் பொட்டர் 1970 இலும் வழங்கினர். ஆயின் இத்துறையின் உண்மையான ஊற்றுகள் 1946-47 இன் நியூரம்பேர்க் வைத்தியர் விசாரணையும், 1932 முதல் 1972 வரை ஏழைக் கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சையளிக்காது அவதானித்த அமெரிக்காவின் டஸ்கிகீ ஆய்வுமேயாம். இவ்வநீதிகளுக்கு விடையாக 1979 இல் அமெரிக்காவிலே பெல்மன்ட் அறிக்கை வெளிவந்தது. அதே ஆண்டில் போஷாம்ப், சில்ட்ரெஸ் ஆகிய இருவரும் தன்னாட்சி, நன்மை புரிதல், தீங்கிழையாமை, நீதி என்னும் நான்கு நெறிகளை வகுத்துரைத்த நூலும் வெளியாயிற்று. இந்நான்கும் உலகின் பல பாகங்களிலும் அறவியற் கல்வியின் அரிச்சுவடியாகிவிட்டன.

தன்னாட்சி என்னும் நெறி, தெரிவுசெய்யும் சுதந்திரமுடைய தனிமனிதரை முன்னூகமாகக் கொண்டது. தடையாணைக்குட்பட்ட மனிதருக்கும், கூலிக்காகச் சுரங்கத்துள் இறங்கும் தொழிலாளிக்கும், மருந்து கிடைக்கும் ஒரேயொரு வழி பரிசோதனையிற் சேர்வதே என்ற நிலையிலுள்ள தாய்க்கும் அச்சுதந்திரம் எவ்வளவில் உண்டு? ஒப்புதற் படிவத்திலே கையொப்பம் பெறப்பட்டதா என்ற வினா, கையொப்பமிட மறுத்தால் அவருக்கு என்ன நேரும் என்ற வினாவை மறைத்துவிடுகின்றது. நீதி என்னும் நெறி நான்காவதாக நிற்பதனை வரிசை முறையின் தற்செயலாக நாம் கொள்ளலாம். ஆனால் கற்பித்தலில் அது ஈற்றில் தள்ளப்படுவது தற்செயலன்று.

தொலைக்கல்வி, கற்பித்தலின் கைத்தொழில்மயமான வடிவம் என ஜேர்மன் அறிஞர் ஒட்டோ பீட்டர்ஸ் 1960களிலே விளக்கினார். பாடம் எழுதுவோர் ஒருவர், திருத்துவோர் இன்னொருவர், பரீட்சிப்போர் மற்றொருவர் என வேலைப்பிரிவினை ஏற்பட்டு, ஒரே பொருள் ஆயிரக்கணக்கிலே படியெடுக்கப்படுகின்றது. கணிதத்தைக் கற்பிக்க இம்முறை பெரிதும் ஏற்றதாகலாம். அறவியலோ, கற்பவர் தமது நிலைமையையே கேள்விக்குட்படுத்துவதை வேண்டிநிற்பது. படியெடுக்கப்பட்ட பாடத்திலே கற்பவரின் வைத்தியசாலையும் அவருடைய மேலதிகாரியும் அவர் பார்க்கும் கைதியும் இடம்பெறுவதில்லை. அமெரிக்க நோயாளியொருவரின் உயிர்காப்புக் கருவியை நிறுத்தலாமா என்ற வினாவுக்குச் செவ்வையாக விடையெழுதிச் சித்தியடையும் ஒருவர், தமது விடுதியிலே பொலிஸ் காவலில் உள்ள நோயாளியின் காயத்தைக் குறிப்பேட்டில் எழுதத் தயங்கக்கூடும். தொலைவு என்பதை நாம் இப்பொருளிலேயே கொள்கிறோம்: கற்பவருக்கும், அவர் கற்கும் அறம் எவருக்கு வேண்டியதோ அவருக்கும் இடையிலான சமூகத் தூரம் அது.

6

மேற்கூறியவற்றிலிருந்து தொலைக்கல்வியை நிராகரிக்கும் முடிவுக்கு நாம் வரவில்லை. உண்மையில் அதன் சிறப்பு இன்னும் முழுமையாக உணரப்படவில்லை. தலைநகருக்குச் சென்று கற்பவர் தமது பணியிடத்தின் முரண்பாடுகளிலிருந்து ஈராண்டு விலகியிருக்கின்றார். சில வேளைகளில் திரும்பி வராமலே விடுகின்றார். தொலைக்கல்வி மாணவரோ காலையில் விடுதியில் நோயாளியைக் கண்டு, இரவிற் பாடத்தைப் படிக்கின்றார். அறவியல் கற்பதற்கு அவரிலும் வாய்ப்பான நிலையில் எவரும் இல்லை. லாங்கும் ஓரும் பணியாற்றிய அலுவலகத்தில் இருந்தபடியே கற்க வேண்டியது இக்கல்வி. ஆனால் பாடமும் ஒப்படையும் அந்த அலுவலகத்தைப் பற்றியனவாய் இருத்தல் அவசியம். றொபின் தீவின் கைதிகள் செய்ததுபோலத் தனித்தனியே வரும் பாடங்களைக் கூடியிருந்து கற்கும் வழக்கமும் வேண்டும்; மேலதிகாரிக்கு எதிராகச் சான்றெழுத நேரும் ஒருவருக்கு நூலறிவைவிடத் துணைநிற்கும் தோழரே முதலில் தேவைப்படுவர். வெண்டி ஓர் நீதிமன்றம் சென்றபோது, ஏம்ஸ் முதலியோர் ஏற்கனவே அப்பாதையைத் திறந்துவைத்திருந்தனர்.

இவ்வரலாறு எமக்கும் உரியது. 1979 இல் இலங்கையிற் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேற்றப்பட்டபோது, அதன் ஏற்பாடுகள் பலவற்றைத் தென்னாபிரிக்காவின் 1967 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு சர்வதேச சட்டவல்லுநர் ஆணைக்குழு தனது 1981 ஆம் ஆண்டு அறிக்கையில் ஒப்பிட்டது. சட்டங்கள் ஒத்திருக்குமிடத்து, அச்சட்டங்களின் கீழ்த் தடுத்துவைக்கப்பட்டோரைப் பரிசோதிக்கும் சட்ட வைத்திய அதிகாரி எதிர்நோக்கும் இக்கட்டும் ஒத்ததாகவே இருக்கும். 2004 திசெம்பர் ஆழிப்பேரலையின் பின் எமது கரையோரங்களிலே ஆய்வுகள் பெருகியபோது, பாதிக்கப்பட்டோர் ஆய்வுப் பொருளாக்கப்படுதல் பற்றிய கவலையை அதுல சுமதிபால, சிசிர சிறிபத்தன ஆகிய வைத்தியர்கள் 2005 இலேயே எழுப்பினர். இத்தகைய எழுத்துகளே எமது அறவியற் பாடத்தின் முதல் ஏடுகளாதல் வேண்டும்.

1980 முதல் எமக்கென ஒரு திறந்த பல்கலைக்கழகம் இருக்கின்றது. மருத்துவ பீடங்களும் அவற்றின் அறநெறிக் குழுக்களும் இருக்கின்றன. இவை ஒன்றுகூடித் தமிழிலும் சிங்களத்திலும் உயிரியல் அறவியலைத் தொலைக்கல்வியாகக் கற்பிக்க முன்வருமாயின், மாவட்ட வைத்தியசாலையின் தாதியும், குடும்பநல உத்தியோகத்தரும், தோட்டப்புற மருந்தகத்தில் உழைப்போரும் அக்கல்வியின் மாணவராகலாம். ஒப்புதற் படிவத்தை நோயாளியின் மொழியில் விளக்க வேண்டியவர்கள் இவர்களே. நோயாளியின் மௌனத்தை முதலிற் காண்பவர்களும் இவர்களே. ஆங்கிலம் வல்ல ஒரு சிறு பிரிவினரின் பட்டமாக இக்கல்வி நின்றுவிடின், கையொப்பமிடுவோருக்கும் கையொப்பம் பெறுவோருக்கும் இடையிலுள்ள வர்க்க இடைவெளியே மேலும் உறுதிப்படும்.

தகுந்த சொற்களை ஆக்குதலும், எமது வைத்தியசாலைகளிலிருந்தும் நீதிமன்றப் பதிவேடுகளிலிருந்தும் பாடங்களைத் தொகுத்தலும் உடனடியாகத் தொடங்கத்தக்க பணிகள். 1977 செப்டெம்பர் 7 ஆந் திகதி போர்ட் எலிசபெத்தில் எழுதப்பட்ட சில வரிச் சான்றிதழை அப்பாடத்தின் முதல் ஒப்படையாக வைக்கலாம். அப்பத்திரத்தை எழுதிய வைத்தியரின் இடத்தில் இருந்தால் தாம் எதை எழுதியிருப்பர், அதன்பின் எவரிடம் துணை தேடியிருப்பர் என்பதை ஒவ்வொரு மாணவரும் தமது பணியிடத்தை மனத்திற் கொண்டு எழுதட்டும். அவ்விடைகளை அவர்கள் கூடியிருந்து வாசிக்கவும் வழிசெய்தல் வேண்டும்.